கலந்து கிடக்கும் வெளிநாட்டுக் காசுகள்: குறியைப் பார்த்து இனம் காணும் வழி

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பையில் எந்தத் தமிழ்க் குடும்பம் பரணை ஒழித்தாலும் ஒரு தகர டப்பாவோ சுருக்குப் பையோ கிடைக்கிறது. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா, 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய தாத்தா, மஸ்கட்டிலும் குவைத்திலும் சம்பாதித்த மாமா என்று யார் யாரோ கொண்டுவந்த காசுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அக்கம்பக்கத்தார் அவற்றை என்னிடம் கொண்டுவருகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் விலையைப் பற்றியது. நாடு, ஆண்டு, மதிப்பு, உலோகம் ஆகிய நான்கும் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. இந்த நான்கையும் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலும் ஒரே வகைச் சிக்கல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் குறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் காசுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் பார்த்தால் போதும்.

## எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் இவை

காசைக் கழுவாதீர்கள். செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பதும், வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்குவதும் பாத்திரத்துக்கும் விளக்குக்கும் நல்ல பழக்கம். காசின் மேல்தோலை அது அழித்துவிடும். பற்பசையும் அப்படித்தான். துலக்கிப் பளபளத்த காசைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக் கேட்கிறார்கள் என்பது இருக்கட்டும். எழுத்தின் மெல்லிய கோடுகள் போய்விட்டால் இனம் காண்பதே கடினமாகிவிடும்.

பையில் இருப்பதைப் பிரித்துப் போடாதீர்கள். ஒரே பையில் சேர்ந்திருந்த காசுகள் ஒன்றுக்கொன்று சாட்சி. மலாயாவின் சதுரக் காசும் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங்கும் ஹாங்காங் பத்துக் காசும் ஒரே பையில் இருந்தால் அது துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவரின் பை. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, யார் எந்த ஊரில் எந்த வருடங்களில் இருந்தார் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதே பையில் போடுங்கள். தேய்ந்துபோன பல காசுகளுக்கு விடை அந்தச் சீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

கருவிகள் அதிகம் வேண்டாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் நகைத் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி, சிறிய காந்தம், டார்ச் விளக்கு.

கைபேசியில் படம் எடுத்துத் தேடும் வசதி நாட்டைச் சொல்வதில் நன்றாகவே உதவுகிறது. ஆண்டையும் உலோகத்தையும் அது அடிக்கடி மாற்றிச் சொல்கிறது. ஒரே வடிவில் பல ஆண்டுகள் அடிக்கப்பட்ட காசுகளில் அதை நம்பவே கூடாது. நாடு தெரிந்த பிறகு நுமிஸ்டா இணையதளத்தில் எடையையும் விட்டத்தையும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

## எழுத்தை வாசிக்க முடிகிறது, நாடு பிடிபடவில்லை

மிக எளிய காரணம்: நாடு தன் பெயரைத் தன் மொழியில் போட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசித்தால் வரும் ஒலியைத் தருகிறேன். ஹெல்வெஷியா என்றால் சுவிட்சர்லாந்து. சுவோமி பின்லாந்து. ஸ்வெரிகே சுவீடன், நோர்கே நார்வே, மகியார் ஹங்கேரி, போல்ஸ்கா போலந்து. யாழ் போன்ற இசைக்கருவியின் படமும் நான்கெழுத்துச் சிறு பெயரும் இருந்தால் அயர்லாந்து. சி என்ற எழுத்து மூன்று முறையும் பி ஒரு முறையும் இருந்தால் சோவியத் ஒன்றியம். ஆர், எஃப் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் பெரிதாக இருந்தால் பிரெஞ்சுக் குடியரசு.

நாட்டின் பெயரே இல்லை என்றால் பெரும்பாலும் பிரிட்டன்தான். மன்னரின் பெயரும் லத்தீன் சுருக்கங்களும் மட்டும் வளையமாக ஓடும். அவற்றில் ‘இண்ட் இம்ப்’ என்று முடிந்தால் ‘இந்தியாவின் பேரரசர்’ என்று பொருள். பிரிட்டிஷ் காசுகளில் 1949இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது.

தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் உதவும். விக்டோரியா இடப்பக்கம், தாடி வைத்த ஏழாம் எட்வர்டு வலப்பக்கம், தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம், தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ் இடப்பக்கம், எலிசபெத் வலப்பக்கம். பிரிட்டனின் பென்னியில் ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் மன்னர்கள் முடி சூடாத தலையோடு இருப்பார்கள். அதே மன்னர் கிரீடத்தோடு இருந்தால் இலங்கை, மலாயா, ஹாங்காங் போன்ற குடியேற்ற நாட்டுக் காசா என்று பாருங்கள்.

அடுத்த சிக்கல் இந்தியர்களை அதிகம் குழப்புவது. காசில் ‘இந்தியா’ என்று இருக்கிறது, ஆனால் இந்தியக் காசு இல்லை. ‘இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்று 1862 ஆண்டிட்டு வந்தவை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதிக்கானவை. அதற்கு முன் 1845 ஆண்டிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரிலேயே அந்தப் பகுதிக்குச் சென்ட் அடித்தார்கள். சோதனை மிக எளிது: பழைய பிரிட்டிஷ் இந்தியக் காசில் அணா, பைசா, பை, ரூபாய் இருக்கும்; சென்ட் ஒருபோதும் இருக்காது. ‘இந்தியா போர்த்துகேசா’ என்று இருந்தால் கோவா, டாமன், டையூ. அங்கே 1958 வரை ரூபியா, பிறகு எஸ்குடோ. போர்ச்சுகலின் காசோடும் மொசாம்பிக்கின் காசோடும் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

மறுபுறம், ‘ரூபாய்’ என்று இருப்பதெல்லாம் இந்தியா இல்லை. இலங்கை, மொரீஷியஸ், சீஷெல்ஸ், இத்தாலிய சோமாலியா, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் ரூபாய் வைத்திருந்தன. கடைசியாகச் சொன்னதில் கழுகு அமர்ந்த தலைக்கவசத்தோடு இரண்டாம் வில்ஹெல்ம் இருப்பார். எடையும் வெள்ளியின் தரமும் நம் பழைய ரூபாயைப் போலவே 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917. இதை இந்திய ரூபாயோடு போட்டு வெள்ளி எடைக்கு விற்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

## தராசுப் படம் போட்ட செப்புக் காசு

மும்பையில் இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். இரண்டு தட்டுத் தராசும் நடுவில் அரபு எழுத்தும் கொண்ட காசைப் பார்த்தவுடன் ‘கம்பெனிக் காசு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குறைந்தது மூன்று இடங்கள் அதே தராசைப் பயன்படுத்தியிருக்கின்றன.

முதலில் மறுபக்கத்தைத் திருப்புங்கள். கேடயம் தாங்கிய கம்பெனிச் சின்னமும் 1804 அல்லது 1830களின் ஆண்டும் இருந்தால் பம்பாய் மாகாணம். இது நம் ஊர்க் காசு, எளிதில் கிடைப்பது.

சூரியக் கதிரும் கிரீடமும் இருந்து, ‘மொம்பாசா’ என்று எழுதியிருந்தால் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி. ஆண்டு 1888, அரபு எண்ணில் 1306. எழுத்து தேய்ந்திருந்தாலும் கதிர்கள் தெரியும்.

இரண்டு பக்கமும் ஆங்கிலமே இல்லாமல், அரபு எண்ணில் 1299 இருந்தால் சான்சிபார், சுல்தான் பர்காஷ் காலம், அதாவது 1882. பம்பாய்க்கும் சான்சிபாருக்கும் இடையே பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் இந்தக் காசுகள் இங்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

தராசு இல்லாமல் கால் அணா என்று ஆங்கிலத்திலும், ‘மஸ்கட் அண்ட் ஓமன்’ என்ற பெயரும், அரபு எண்ணில் 1315ம் இருந்தால் அது மஸ்கட். இதையும் அணாவைப் பார்த்து இந்தியக் காசோடு சேர்த்துவிடுகிறார்கள்.

## அரபு போன்ற எழுத்து; எதுவும் புரியவில்லை

எழுத்தை விடுங்கள், எண்ணைக் கற்றுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்து வலமாகவே வாசிக்க வேண்டும். புள்ளி என்றால் பூஜ்யம். சிறு வட்டம் என்றால் ஐந்து. இதைப் பூஜ்யம் என்று வாசிப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் பிழை. மேலே திறந்த கூம்பு ஏழு, கீழே திறந்த கூம்பு எட்டு. காசைத் தலைகீழாகப் பிடித்தால் இரண்டும் இடம் மாறிவிடும். ஆறு நம் ஏழைப் போலத் தெரியும். ஒன்பது நம் ஒன்பதேதான்.

எண் கிடைத்ததும் படத்தைப் பாருங்கள்.

சார்மினார் இருந்தால் ஹைதராபாத் நிஜாம். வெளிநாடு இல்லை. இதைச் சவூதி என்று நம்பி வைத்திருந்த வீடுகள் நிறைய. குறுக்கிட்ட இரு வாளும் பேரீச்ச மரமும் இருந்தால்தான் சவூதி.

சிங்கம் வாளேந்தி நிற்க, பின்னால் சூரியன் இருந்தால் ஈரான்.

பின்னிப் பின்னி எழுதிய கையொப்பம் போன்ற சித்திரம் நடுவில் இருந்தால் அது துக்ரா எனப்படும் சுல்தான் முத்திரை. துருக்கி உதுமானியப் பேரரசு, அல்லது அதன் கீழிருந்த எகிப்து.

படமே இல்லை, இரண்டு பக்கமும் எழுத்து மட்டும், அதுவும் காசின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் பாதி எழுத்துதான் தெரிகிறது என்றால் கையால் அடித்த பழைய காசு. முகலாயர், சமஸ்தானம், ஆப்கானிஸ்தான், ஈரான் எதுவாகவும் இருக்கலாம். இங்கே நிறுத்துங்கள். பாரசீகம் வாசிக்கத் தெரிந்த நாணயவியலாளரிடம்தான் இதற்கு விடை. இணையப் படங்களோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யும் முயற்சி நேர விரயம்.

தேவநாகரி எழுத்து என்றால் நேபாளமா என்று கேட்கிறார்கள். நடு வட்டத்துக்குள் திரிசூலம் இருந்தால் பெரும்பாலும் நேபாளம்தான். ‘ஸ்ரீ ராஜா சிவ’, மறுபக்கம் ‘சத்ரபதி’ என்று இருக்கும் தடித்த செப்புக் காசு மராட்டியரின் சிவராய். மும்பைக் குவியல்களில் இது தாராளம்.

உருண்டை உருண்டையான எழுத்தும் தோகை விரித்த மயிலும் இருந்தால் பர்மா, மிண்டோன் மன்னர் காலம். சிங்கம் போன்ற கோயில் காவல் விலங்கு இருந்தால் விடுதலைக்குப் பிந்தைய பர்மா.

## தமிழ் எழுத்து இருக்கிறது, ஆனால் நம் நாட்டுக் காசு போல் இல்லை

இலங்கையாக இருக்கும். 1870இலிருந்து வந்த செப்புச் சதங்களில் பனை இனத்து மரத்தின் இரு புறமும் தமிழும் சிங்களமும் இருக்கும். மூலை மழுங்கிய சதுர ஐந்து சதமும், ஓரம் பூவிதழ் போல வளைந்த பத்துச் சதமும் எளிதில் தெரியும்.

நான்கு மொழிகளில் பெயர் இருந்தால் சிங்கப்பூர், 1985 வரிசையும் அதற்குப் பிந்தையதும்.

சிறிய, தடித்த, ஒழுங்கற்ற செப்புத் துண்டு. ஒரு பக்கம் மூவிதழ் லில்லிப் பூ, மறுபக்கம் ‘புதுச்சேரி’. இது பிரெஞ்சுக்காரர் அடித்த ‘டூடூ’ என்னும் சிறு காசு. அருமையான காசு. தேய்ந்திருந்தாலும் வைத்திருங்கள். இதே போன்ற சிறு செம்பில் கிரீடமும் பின்னிய எழுத்தும் இருந்தால் தரங்கம்பாடியின் டேனியர் காசா என்று பார்க்க வேண்டும். வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னியிருந்தால் டச்சுக் கம்பெனி. மறுபக்கக் கேடயம் நெதர்லாந்தின் எந்த மாகாணம் என்று சொல்லும்.

## ஆண்டு நம்ப முடியாததாக இருக்கிறது

இந்தக் குறிக்கு நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனென்றால் விலையில் பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. ‘1293 ஆம் ஆண்டுக் காசு, எழுநூறு ஆண்டுப் பழமை’ என்று நம்பி வருகிறவர்களிடம், அது 1876 என்று சொல்வது வருத்தமாக இருக்கும். ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

1200க்கும் 1450க்கும் இடையில், அரபு எண்ணில்: ஹிஜ்ரி ஆண்டு. 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1327 என்றால் 1909. உதுமானியக் காசுகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பெரிய எண் சுல்தான் அரியணை ஏறிய ஆண்டு. அதே காசில் வேறோர் இடத்தில் இருக்கும் சிறிய எண் அவர் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பது. 1327ம் 3ம் இருந்தால் ஏறக்குறைய 1911. 1293 இருந்தால் இரண்டாம் அப்துல் ஹமீது. அவர் 1909 வரை ஆண்டார். எனவே சிறிய எண்ணைப் பார்க்காமல் ஆண்டு சொல்லக் கூடாது.

ஈரான் என்று உறுதியாகிவிட்டால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் காசுகளுக்கு 621ஐக் கூட்டினால் போதும்; அங்கே சூரிய ஆண்டு. 1345 என்பது 1966. 2535 முதல் 2537 வரை இருந்தால் 559ஐக் கழியுங்கள். 1976 முதல் 1978 வரை மட்டும் நடப்பில் இருந்த பேரரசு ஆண்டு அது.

பர்மா மயிலில் 1214 இருக்கும். 638ஐக் கூட்டினால் 1852.

2400, 2500 என்று வந்து, எழுத்து சுழி சுழியாக இருந்தால் தாய்லாந்தின் பௌத்த ஆண்டு. 543ஐக் கழியுங்கள். 2505 என்பது 1962.

2020, 2030 என்று இருந்து தேவநாகரி என்றால் நேபாளத்தின் விக்ரம ஆண்டு. 57ஐக் கழியுங்கள். 2028 என்பது 1971. பழைய நேபாளக் காசில் 1800களின் எண் இருந்தால் அது சக ஆண்டு, 78ஐக் கூட்டுங்கள்.

ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரையான சிறு எண், கிழக்காசிய எழுத்து: ஜப்பானாக இருந்தால் எந்தப் பேரரசர் என்று பார்க்க வேண்டும். மெய்ஜி என்றால் 1867ஐக் கூட்டுங்கள், தைஷோ 1911, ஷோவா 1925, ஹெய்சே 1988. ஷோவா 45 என்பது 1970. பழைய ஜப்பானியக் காசுகளில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். சீனக் குடியரசும் தைவானும் என்றால் 1911ஐக் கூட்டுங்கள்.

5700களில் இருந்தால் இஸ்ரேல், 3760ஐக் கழியுங்கள்.

1780 என்று தெளிவாக இருக்கிறது, காசோ புதிதாகத் தெரிகிறது: பெரிய வெள்ளிக் காசு, முக்காடிட்ட பருத்த அரசி, மறுபக்கம் இருதலைக் கழுகு. இது ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர். அரசி 1780இல் இறந்தார். அந்த ஆண்டை மாற்றாமலே காசை இருபதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள், ஏனென்றால் ஏமன், எத்தியோப்பியா, ஓமன் சந்தைகள் அந்தக் காசைத்தான் நம்பின. நம் பம்பாய் நாணயச்சாலையும் 1940, 1941இல் அதை அடித்தது. எனவே போலி என்று தூக்கிப் போடாதீர்கள், இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை என்றும் எண்ணாதீர்கள். எடை 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 833, விளிம்பில் புடைத்த எழுத்து. இந்த மூன்றும் பொருந்தினால் அசல் தாலர். எந்த நாணயச்சாலையில், எப்போது அடித்தது என்பதைக் கழுகின் இறகு, அரசியின் மார்பணி போன்ற நுண்ணிய வேறுபாடுகளால்தான் சொல்ல முடியும். அதற்கு நிபுணர் வேண்டும்.

## முகமும் எழுத்தும் தேய்ந்துவிட்டன

அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காசின் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குப் பிடியுங்கள். காசை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலாக எழும். ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து, பிறகு நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்.

அப்போதும் தெரியவில்லை என்றால் எடை, விட்டம், விளிம்பு மூன்றையும் குறித்து நுமிஸ்டாவில் தேடுங்கள். தேய்ந்த காசு அசலைவிட எடை குறைவாக இருக்கும், கூடுதலாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். வடிவமும் பெயர் சொல்லும்: மூலை மழுங்கிய சதுரச் செம்பு ஒரு சென்ட் என்றால் மலாயா பக்கம். ‘மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ’ சென்ட் 1961 வரை சதுரம், 1962இல் வட்டம்.

முகம் முழுதும் மழமழவென்று ஆகிவிட்ட சாதாரணச் செம்புக்கு மேலும் செலவு செய்யாதீர்கள். வெள்ளி, தங்கம் என்றால் மட்டும் அடுத்த படி.

## காசில் ஓட்டை

நடுவில் துல்லியமாக, ஓட்டையைச் சுற்றி எழுத்து ஒதுங்கி அமைந்திருந்தால் அரசே போட்ட ஓட்டை. யானைத் தந்தங்கள் இருபுறம் வளைந்திருந்தால் கிழக்கு ஆப்பிரிக்கா. ஆறுமுனை நட்சத்திரம் என்றால் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்கா. 1943 முதல் 1947 வரையான நம் ஒரு பைசாவும் இந்த வகையே. டென்மார்க், நார்வே, பெல்ஜியம், பிரெஞ்சு இந்தோசீனா, ஜப்பான் ஆகியவையும் உண்டு.

சதுர ஓட்டை என்றால் சீனா, ஜப்பான், வியட்நாம், கொரியா. பின்பக்கம் அலை அலையான கோடுகள் இருந்தால் ஜப்பானின் பழைய நான்கு மோன் காசு. மற்றவற்றில் நான்கு எழுத்தையும் மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் படத்தோடு ஒப்பிடுங்கள். கடைகளில் வாசலில் தொங்கவிடும் அலங்காரக் காசுகளும் இதே உருவில் வருகின்றன. பளபளத்த மஞ்சள் நிறமும் கூரற்ற எழுத்தும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ஓரத்தில் ஓட்டை, எழுத்தையே துளைத்திருக்கிறது, அல்லது வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறது என்றால் யாரோ கழுத்தில் அணிந்த காசு. சேகரிப்பு மதிப்பு பெரிதும் போய்விடும். உலோக மதிப்பும் குடும்ப மதிப்பும் அப்படியே இருக்கின்றன. ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

## வெள்ளியா, வேறு வெள்ளை உலோகமா

காந்தம் முதலில். ஒட்டினால் வெள்ளி இல்லை. ஆனால் இரும்பு என்றும் முடிவு செய்யாதீர்கள். தூய நிக்கலும் ஒட்டும். நம் 1947 ரூபாயும், கனடாவின் பழைய ஐந்து சென்ட் பலவும் நிக்கல்தான்.

ஒட்டவில்லை என்றால் விளிம்பைப் பாருங்கள். நடுவில் செம்பு வரி ஓடினால் அடுக்கு உலோகம்; 1965இலிருந்து வந்த அமெரிக்கக் கால் டாலர் இப்படி. 1964 வரையானது தொண்ணூறு விழுக்காடு வெள்ளி.

அடுத்து ஆண்டு. பிரிட்டனின் வெள்ளிக் காசுகள் 1919 வரை ஆயிரத்துக்கு 925, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் செம்பு-நிக்கல். நம் ரூபாய் 1940இல் பாதி வெள்ளியாகியது. 1921 முதல் 1946 வரையான கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங்கில் கால் பங்குதான் வெள்ளி. தேய்ந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

ஆண்டு தெரியாத பெரிய காசுக்கு நீர்ச் சோதனை. எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் நீர் நிறைந்த சிறு கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் நீரில் முழுக்கிப் பிடியுங்கள். இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 10.3ஐ ஒட்டி வந்தால் நல்ல வெள்ளி; 9.6 பக்கம் என்றால் பாதி வெள்ளி, 8.9 என்றால் செம்பு-நிக்கல். ஐந்து கிராமுக்குக் குறைந்த காசில் தராசின் சிறு பிழையே விடையை மாற்றிவிடும். அங்கே இது உதவாது.

உரைகல்லில் தேய்க்கவும், அமிலம் விடவும் நகைக்கடைக்காரரை அனுமதிக்காதீர்கள். உலோகத்தைச் சேதமின்றி அளக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி பெரிய நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் இருக்கிறது.

## அசலா என்று சந்தேகம்

இராமர் பட்டாபிஷேகமும் 1818ம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் சேர்ந்த செப்புக் காசு வந்தால் தயங்க வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. விளக்கு, தாமரை, அனுமன் என்று இதில் பல உருவங்கள் சோர் பஜாரிலும் ஃபோர்ட் நடைபாதைகளிலும் குவிந்து கிடக்கின்றன. பூஜை அறையில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். பழங்காசு என்று விலை கொடுக்காதீர்கள். ‘அரிசியை இழுக்கும் காசு’ என்று இலட்சங்கள் பேசுபவர்கள் மோசடிக்காரர்கள். போலீசிடம் சொல்ல வேண்டியவர்கள்.

பெரிய வெள்ளி டாலர்களில் போலி மிக அதிகம். எடையே முதல் சோதனை. திரிசூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவமும் சீன, மலாய் எழுத்தும் கொண்ட பிரிட்டிஷ் வணிக டாலர் 26.95 கிராம். அதில் பெரும்பகுதி பம்பாயில் அடிக்கப்பட்டது. திரிசூலத்தின் நடுமுனையில் மிகச் சிறிய ‘பி’ எழுத்தைக் கண்ணாடியால் பார்க்கலாம். பிரெஞ்சு இந்தோசீனப் பியாஸ்தர் தன் எடையைத் தானே சொல்கிறது: 27 கிராம், 0.900 என்று காசிலேயே பொறித்திருக்கும். தராசு 23 காட்டினால் பேச்சுக்கே இடமில்லை. எடை சரியாக இருந்து, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தாலோ, பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் இருந்தாலோ வார்ப்பில் செய்த போலி.

தங்க சாவரினுக்கு 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர். காசுமாலையிலிருந்து கழன்றது என்றால் குதிரையின் காலடியில், ஆண்டுக்கு மேலே பாருங்கள். 1918உம் ‘ஐ’ எழுத்தும் சேர்ந்திருந்தால் அது பம்பாயில் அடித்தது. பழைய சாவரின்களில் இங்கே அடித்தது அந்த ஓராண்டு மட்டுமே. உருக்கக் கொடுக்கும் முன் கட்டாயம் இதைப் பாருங்கள். அதே ‘ஐ’ எழுத்து 1942, 1943 ஆஸ்திரேலியப் பென்னியில் மன்னர் தலைக்குக் கீழே இருந்தால் அதுவும் பம்பாய்ப் பிறப்புத்தான். விலை அதிகமில்லை, மும்பைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டிய காசு.

## பச்சைக் களிம்பு

பிசுபிசுப்பாக இருந்தால் பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது. அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலர்த்துங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். நகப்பூச்சு நீக்கி இதற்கு மாற்று ஆகாது. பொடிப்பொடியாக, நாளுக்கு நாள் பரவும் வெளிர்பச்சை என்றால் அது உலோகத்தையே தின்கிறது. மும்பை மழைக்காலத்தில் வேகம் கூடும். அந்தக் காசைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைத்து, நிபுணரிடம் காட்டுங்கள். கருமை படிந்த வெள்ளியை மட்டும் அப்படியே விடுங்கள். அது நோயே இல்லை.

## எப்போது நிபுணரிடம் போவது

தங்கம் எதுவானாலும். எடையும் நீர்ச் சோதனையும் பொருந்திய பெரிய வெள்ளி. கையால் அடித்த பாரசீக எழுத்துக் காசு. பரவும் களிம்பு. இவை தவிர மற்றவற்றுக்குக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை. போகும் முன் ஃபோர்ட்டில் சர் பி.எம். சாலையில் உள்ள ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகத்தையும், சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்தின் நாணயக் கூடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அசலைக் கண்ணால் பார்த்த பிறகு போலி தானாகத் தெரியத் தொடங்கும்.

இணையத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசை வாங்கக் கட்டணமோ வரியோ கேட்டால் அது மோசடி என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

சிங்கப்பூர் உறவினர் கேட்கிறார் என்று அனுப்பும் முன் சட்டத்தையும் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆண்டைச் சரியாகக் கணக்கிட வேண்டிய இன்னொரு காரணம் இது: ஹிஜ்ரி 1327 அந்த வரம்புக்குள் வரும், ஷோவா 45 வராது.

நிபுணரிடம் போகும்போது எடை, விட்டம், இரு பக்கப் படம், குடும்பச் சீட்டு நான்கையும் கொண்டுபோங்கள். காசை அங்கே விட்டுவர நேர்ந்தால் எடையையும் படத்தையும் குறித்த ரசீது வாங்குங்கள். அவர் சொல்லும் விலையோடு, பட்டியல் எண் என்ன என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் வேறெந்தக் கடையிலும் அதே காசைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது உறுதியாகும்.